எச்.ஓ.வா, 'என்' கேஜா: வளவு வீட்டில் ரயில் ஓட்ட எது தோது?

செட்டிநாட்டு வீட்டுக்காரன் வீட்டுக்குள் சின்ன ரயில் பாதை போடப் போகிறேன் என்று வாயெடுத்தால் போதும், கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள். "உங்களுக்கென்ன, இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை. தண்டவாளத்தை விரித்துக்கொண்டே போகலாமே." சென்னையில் பிளாட்டில் கட்டிலுக்கடியில் ரயில் ஓட்டுகிற நண்பர் ஒருவர் இதைச் சொல்லும்போது கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்தே வரும்.

வீட்டில் இடம் ஏராளம்தான். அதில் என்னுடைய இடம் பத்துக்குப் பத்தில் ஓர் அறை. எங்கள் வீட்டில் பதினொரு புள்ளி, அதாவது பதினொரு குடும்பம். முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், பட்டாலை என்கிற கூடம், இரண்டாம் கட்டு எல்லாம் பங்காளிகளுக்குப் பொது. ஆண்டில் பத்து மாதம் வீடு வெறிச்சோடிக் கிடக்கும். முன்னோருக்குப் படைப்பு என்று தேதி குறித்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் பட்டாலை துடைத்து வைத்த மாதிரி ஆகியிருக்க வேண்டும். மாதிரி ரயில் அளவுகளில் எச்.ஓ. நல்லதா, 'என்' நல்லதா என்று என்னைக் கேட்டால், முதலில் இதைத்தான் திருப்பிக் கேட்பேன்: எங்கே வைக்கப் போகிறீர்கள், அந்த இடம் யாருடையது?

இரண்டையும் வாங்கி, இரண்டிலும் அடிபட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. எச்.ஓ. என்றால் நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பழைய 'ஓ' அளவில் பாதி என்பதால் 'ஹாஃப் ஓ', அதுதான் எச்.ஓ. 'என்' கேஜ் 160-இல் ஒரு பங்கு. இடைவெளி 9 மில்லிமீட்டர், அந்த 'நைன்' என்பதன் முதல் எழுத்துத்தான் பெயர். பிரிட்டிஷ் நிறுவனமான ஹார்ன்பியின் பெட்டியில் ஓஓ என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அது 76-இல் ஒரு பங்கு, ஆனால் ஓடுவது அதே 16.5 மில்லிமீட்டர் பாதையில்.

"'என்' கேஜ் வாங்கப் போறேன் அப்பத்தா" என்றபோது, "உன் கேஜ்னா உன் அறையில வச்சுக்க ராசா, சாமி வீட்டுப் பக்கம் கொண்டாராதே" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, கடைசியில் அதுதான் தீர்ப்பாக முடிந்தது.

கல் எண்ணிப் பார்த்தால்

எங்கள் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல். ஒவ்வொன்றும் எட்டு அங்குலச் சதுரம். ரயில் பாதைக்குத் திட்டம் போட இதைவிட நல்ல கட்டம் போட்ட தாள் கிடையாது. சாக்பீஸ் போதும், ஈரத்துணி போட்டால் அழிந்துவிடும்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் இரு முனையிலும் இருக்கிற பஃபரோடு சேர்த்து ஏறத்தாழ 22.3 மீட்டர். எச்.ஓ.வில் அது 25.6 சென்டிமீட்டர், 'என்'னில் 13.9. பெட்டி நீளத்தைப் போல இரண்டரை மடங்காவது வளைவின் ஆரம் இருந்தால்தான் வண்டி தடம் மாறாமல் ஓடும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பழகியவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. அப்படியானால் எச்.ஓ.வுக்கு 64 சென்டிமீட்டர் ஆரம், 'என்'னுக்கு 35. முழு வட்டமும் ஓரமும் சேர்த்துக் கல்லில் எண்ணினால் எச்.ஓ.வுக்கு அகலவாக்கில் ஏழு கல் வேண்டும். 'என்'னுக்கு நாலு கல்.

பெட்டியோடு வருகிற வளைவுகள் இதைவிடச் சின்னவை. ஹார்ன்பியின் இரண்டாம் அளவு வளைவுக்கு ஆரம் 43.8 சென்டிமீட்டர். அதில் முழு நீள ஐ.சி.எஃப். பெட்டி போனால் சந்துக்குள் எருமை திரும்புகிற மாதிரி இருக்கும். வயிறு ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். ஐரோப்பியக் குட்டைப் பெட்டிகளுக்கு அது போதும். காரைக்குடி வழியாகப் போகிற வண்டி மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் போதாது.

ஐந்து பெட்டியும் எஞ்சினும் கோத்தால் எச்.ஓ.வில் ஒன்றரை மீட்டர் நீள வண்டி. 'என்'னில் சுமார் 80 சென்டிமீட்டர். எதிரெதிர் வண்டிகள் விலகிப் போகிற கிராஸிங் ஸ்டேஷன் ஒன்று வைக்க வேண்டுமானால் அந்த நீளத்துக்கு லூப் லைன் என்கிற பக்கப் பாதை வேண்டும், இருபுறமும் வண்டியைப் பாதை மாற்றிவிடுகிற பாயின்ட் வேண்டும். எச்.ஓ.வில் இது எட்டடிப் பலகையை அப்படியே தின்றுவிடும்.

அகலப்பாதையின் அகலம் என்று ஒரு சங்கடமும் இருக்கிறது. நம் பாதை 1676 மில்லிமீட்டர். எச்.ஓ.வில் அது 19.3 ஆக இருக்க வேண்டும், கிடைப்பது 16.5. 'என்'னில் 10.5 வேண்டும், கிடைப்பது 9. இரண்டும் வெளிநாட்டு 1435 மில்லிமீட்டர் பாதைக்கு வார்த்தவை. எச்.ஓ.வில் எஞ்சினை முன்பக்கமிருந்து பார்த்தால் பெரிய உடம்புக்குச் சின்னச் செருப்புப் போட்ட மாதிரி தெரியும். 'என்'னில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு, கண்ணுக்கு அகப்படாது. மீட்டர் கேஜ் காலத்து ஒய்.பி. நீராவி எஞ்சினையும் ஒய்.டி.எம்.4 டீசலையும் கட்ட நினைக்கிறவர்களுக்கு 12 மில்லிமீட்டர் எச்.ஓ.எம். பாதை இருக்கிறது. சுவிஸ் மலை ரயில்களுக்காகச் செய்வது. 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5, கிட்டத்தட்டச் சரி. எஞ்சினை மட்டும் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். அது தனிக் கதை.

பட்டாலையில் எட்டுக்கு நாலு

முதலில் எச்.ஓ.தான் கட்டினேன். புனேயில் 1998-இல் திறந்த ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம் எச்.ஓ., ஹாம்பர்க்கில் 2001-இல் தொடங்கிய மினியேச்சர் வுண்டர்லாண்ட் எச்.ஓ. பெரிய இடத்தில் எல்லாம் அதுதான், நமக்கென்ன குறை என்ற மிதப்பு. எட்டுக்கு நாலு பிளைவுட், 12 மில்லிமீட்டர், முழுப் பலகையாக நாலு முக்காலி மேல். அடியில் ரீப்பர் கட்டை அடிக்கச் சொல்லி ஆசாரி இரண்டு தரம் சொன்னார். நான் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஏழு மாதம் ஓடியது. பிறகு படைப்பு வந்தது. பலகையை நாலு பேர் தூக்கி இரண்டாம் கட்டில் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். மூன்று வாரம் அங்கேயே நின்றது. பக்கத்தில் பந்திக்குப் பாத்திரம் கழுவுகிற ஈரம். திரும்பக் கிடத்தியபோது நடுவில் ஒரு விரற்கடை தொய்வு. எஞ்சின் அந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு சுற்றிலும் தடம் புரண்டது. சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து குந்தியிருந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நம்ம ஊர் ரோடு மாதிரியே பண்ணியிருக்கீங்க" என்றான்.

பிழை எச்.ஓ.வுடையது இல்லை, என்னுடையது. நாலுக்கு இரண்டாக நாலு துண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் அடிச்சட்டம் கொடுத்து, போல்ட்டால் முடுக்கியிருந்தால் கழற்றி அடுக்கியிருக்கலாம். ஆனால் துண்டாக்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் தண்டவாளம் மயிரிழை பிசகாமல் சேர வேண்டும், கம்பி இணைப்பும் சேர வேண்டும். ஆண்டுக்கு நாலு தரம் கழற்றி மாட்டுகிறவனுக்கு அது வேலையில்லை, வேண்டுதல்.

அறைக்குள் ஒரு கதவு

இரண்டாவது முயற்சி 'என்'. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்த்துக்கொண்டே போனபோது, வேலைப்பாடு இல்லாததால் யாரும் சீந்தாத பர்மா தேக்குக் கதவு ஒன்று கண்ணில் பட்டது. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், முப்பது கிலோவுக்குக் குறையாது. வளைய வேண்டியதெல்லாம் எந்தக் காலத்திலோ வளைந்து முடித்த மரம். இனிமேல் அசையாது. இரண்டு முக்காலி மேல் போட்டேன். ஜப்பானின் கேடோ நிறுவனம் செய்கிற யூனிட்ராக் துண்டுப் பாதையில் 348 மில்லிமீட்டர் ஆர வளைவு இருக்கிறது. வட்டத்தின் அகலம் 70 சென்டிமீட்டர், கதவின் அகலம் 76. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல்தான் மிச்சம் என்பதால் ஓரத்தில் ரீப்பர் அடித்து வரப்புக் கட்டினேன். இந்தத் தடவை ஆசாரி சொல்லாமலே.

அறை என் அறை. சாவி என்னிடம். படைப்பு வந்தாலும் கல்யாணம் வந்தாலும் கதவை யாரும் தொட மாட்டார்கள்.

இதற்கு விலை கொடுக்காமல் இல்லை. நாற்பது தாண்டி சாளேசரம் வந்தவனுக்கு 'என்' ஒரு சோதனை. பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றக் கண்ணாடி வேண்டும், விளக்கு வேண்டும், மூச்சை அடக்க வேண்டும். ஏற்றிவிடுவதற்கென்று விற்கிற சரிவுப் பலகை இல்லாமல் என்னால் முடியாது. எச்.ஓ. எஞ்சினை அண்ணன் பேரன், நாலு வயசு, தானே தூக்கி வைத்துவிடுவான்.

தூசியும் அப்படித்தான். எஞ்சினுக்கு மின்சாரம் சக்கரம் வழியாகத்தான் ஏறுகிறது. எச்.ஓ. எஞ்சின் கனம், தூசியை மிதித்துக்கொண்டு போகும். 'என்' எஞ்சின் லேசானது, சின்ன அழுக்குக்கும் திக்கும். ஒருநாள் எங்கே எதை இடித்ததென்று தெரியாமல் பாயின்ட்டில் ஒவ்வொரு தடவையும் முன்சக்கரம் துள்ளியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், சக்கர விளிம்பு போகிற பள்ளத்தில் ஒரு மிளகாய் விதை. வளவில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. யார் காலோடு வந்ததோ. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் வாரம் ஒரு தரம் துடைக்கிறேன். வெளியே கிளம்பும்போது பழைய வேட்டி போட்டு மூடிவிடுகிறேன்.

மாடி அறையில் வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: சித்திரையில் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு வந்து கேளுங்கள்.

டி.சி.யா, டி.சி.சி.யா

வண்டியை ஓட்ட இரண்டு வழி. டி.சி. என்கிற நேர் மின்சாரத்தில் குமிழைத் திருகினால் வோல்ட் கூடும், வண்டி வேகமெடுக்கும். துருவத்தை மாற்றினால் பின்னோக்கி வரும். டி.சி.சி. என்கிற டிஜிட்டல் கட்டுப்பாட்டில் பாதையில் எப்போதும் முழு மின்சாரம்; அதிலேயே கட்டளையும் போகும், எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். புது டிகோடரின் எண் 3 என்று வைத்தே வரும். இரண்டு எஞ்சின் வாங்கி எண்ணை மாற்ற மறந்தால் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும், பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

இணையத்தில் எல்லாரும் டி.சி.சி. என்பார்கள். நான் டி.சி.யில்தான் இருக்கிறேன். காரணம் செட்டிநாடு ஸ்டேஷன். அதன் மாதிரியாக நான் கட்டியிருப்பது ஒற்றைப் பாதையில் ஒரு கிராஸிங் ஸ்டேஷன். ஒரு வண்டி லூப்பில் நிற்கும், இன்னொன்று மெயினில் போகும். பாயின்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பாதைக்கு மட்டும் மின்சாரம் விடுகிற வகைப் பாயின்ட்டுகள் உண்டு. அதைப் போட்டுவிட்டால் லூப்பில் நிற்கிற வண்டி தானாகவே அசையாமல் நிற்கும். டிகோடர் வேண்டாம், தனி சுவிட்ச் வேண்டாம். எஞ்சினில் சத்தமும் ஹாரனும் வேண்டும், இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு வண்டியை ஒரே பாதையில் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும் என்றால் டி.சி.சி.தான். 'என்' எஞ்சினுக்குள் டிகோடர் புகுத்துவது மட்டும் ஊசிக் காதில் கயிறு கோக்கிற வேலை.

தண்டவாளத்தில் பேச அதிகமில்லை. சல்லிமேட்டோடு சேர்த்து வார்த்த துண்டுப் பாதை கழற்றி மாட்டத் தோது. பீகோ நிறுவனத்தின் மூன்றடி வளையும் பாதை அழகு, வேண்டிய வளைவு வரும், ஆனால் ஒட்டியபின் எடுக்க முடியாது. அதைப் போடுகிறவர்கள் இணைப்பில் இடைவெளி விட வேண்டும். நாலு மீட்டர்த் தண்டவாளம் 15 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டர் நீளும். நம் ஊரில் காலைக்கும் மத்தியானத்துக்குமே அந்த வித்தியாசம் வந்துவிடும்.

வாங்குவது பற்றி: பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-இல் 20-லிருந்து 60 விழுக்காடானது, 2023-இல் 70. இந்தியப் பெட்டிகளைச் சிறு அளவில் செய்து விற்கிறவர்களிடம் நான் பார்த்தது பெரும்பாலும் எச்.ஓ.தான். 'என்'னில் ஜப்பான் வண்டியைத்தான் நம் நிறம் அடித்து ஓட்ட வேண்டும். என் பல்லவன் எக்ஸ்பிரஸ் அப்படி வந்ததுதான். அருகில் குனிந்து பார்க்காதீர்கள்.

மண்ணுக்கு மட்டும் நமக்கு வரி இல்லை. கொல்லைச் செம்மண்ணை இரண்டு தரம் துணியில் சலித்தால் எந்தக் கடைப் பொடியும் கிட்டே வராது. தூவுவதற்கு முன் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மண்ணுக்குள் விட்டுத் துழாவ வேண்டும். எடுக்கும்போது காந்தத்துக்குக் கறுப்புத் தாடி முளைத்திருக்கும். அதை விட்டுவைத்தால் மோட்டாரின் காந்தம் ஒவ்வொரு துகளாக உள்ளே இழுத்துக்கொள்ளும். எச்.ஓ. மோட்டார் கொஞ்ச நாள் பொறுக்கும், 'என்' பொறுக்காது.

ஆகவே பொது இடத்தில் வைப்பதானால், எவ்வளவு பெரிய பட்டாலையாக இருந்தாலும், எச்.ஓ. வேண்டாம். சொந்த அறை சின்னதாக இருந்தாலும் 'என்' போடுங்கள். கண் ஒத்துழைக்காதவர்களும் சின்னப் பிள்ளைகளுக்காகக் கட்டுகிறவர்களும் எச்.ஓ.வே எடுக்கலாம், ஆனால் வட்டத்தை மறந்துவிட்டு, சுவரோரம் ஓரடி அகலத்தில் இந்த ஸ்டேஷனிலிருந்து அந்த ஸ்டேஷன் வரை என்று கட்டுங்கள், அதுவும் துண்டு துண்டாக.

என் எச்.ஓ. பெட்டி இப்போது இரும்புப் பெட்டகத்தின் மேல் இருக்கிறது. விற்க மனசு வரவில்லை. வீடு முழுக்க ஒரே புள்ளியாக இருப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள், இரவல் தருகிறேன். பலகை தர மாட்டேன்.