இளநீர்க் கத்தியும் எங்கள் சந்தைக் கமராவும்: 16 மாத அனுபவம்

எங்கள் சந்தை கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. வாசலோடு என் இரும்புக்கடை. கத்தி, கோடாலி, அலவாங்கு விற்றுப் பிழைக்கிற ஆள் நான். ஆயுதம் கண்டுபிடிக்கிற கமராவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மற்றக் கடைக்காரர்கள் என் தலையில்தான் கட்டினார்கள்.

வடக்கில் வாள்வெட்டுச் செய்தி புதிதல்ல. பஸ் தரிப்பிடத்தில் நடந்த ஒரு கைகலப்பில் ஒரு பெடியனுக்குக் கையில் வெட்டு விழுந்த பிறகுதான் எல்லோரும் காசு போடச் சம்மதித்தார்கள். 2024 நவம்பர் மழைக்கு முன் 6 கமராவும், பதிவுப் பெட்டியும், ஆயுதம் பார்க்கிற மென்பொருளுக்கென்று தனியாக ஒரு கணினியும் பூட்டினோம். கணினிக்கு மட்டும் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபா. மென்பொருளுக்கு வருடக் கட்டணம் வேறு.

கமராவே கத்தியைக் கண்டுபிடிக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் கமராவுக்குக் கத்தி தெரியாது. அது அனுப்புகிற படத்தைக் கணினி பிரித்துப் பார்க்கும். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கியதால், கத்தி மாதிரியோ துப்பாக்கி மாதிரியோ ஒரு வடிவம் தெரிந்தால் சுற்றிவர ஒரு பெட்டி கீறி, எத்தனை வீதம் நிச்சயம் என்று ஒரு எண்ணும் போட்டு, போனுக்கு அனுப்பும். எத்தனை வீதத்துக்கு மேல் அனுப்புவது என்பதை நாங்கள் தீர்மானிக்கலாம்.

பூட்டித் தந்த தம்பி 40 இல் வைத்துவிட்டுப் போனார். முதல் வாரம் போன் ஓயவில்லை. வாசலில் இளநீர் விற்கிற அண்ணை கத்தியை ஓங்கி இறக்குகிற ஒவ்வொரு தடவையும் ‘ஆயுதம்’. வரம்பு வெட்டிவிட்டுக் காட்டுக்கத்தியைச் சைக்கிள் காரியரில் செருகிக்கொண்டு வருகிற ஐயா, ‘ஆயுதம்’. மடித்த குடை, வாழைப்பொத்தி, ஒரு நாள் என் கடையிலேயே விலை கேட்டுத் தாக்கத்தியைத் திருப்பிப் பார்த்த அக்கா. பிழை என்றும் சொல்ல முடியாது, கத்தியைக் கத்தி என்றுதான் அது சொல்கிறது. ஆனால் வன்னியில் கத்தி இல்லாமல் எவர் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறார்? இளநீர் அண்ணைக்கு விசயம் தெரிந்த பிறகு, தினமும் காலையில் “இண்டைக்கு நான் எத்தினை பேரை வெட்டினனான் தம்பி?” என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது.

65 இற்கு உயர்த்தினோம். இளநீர் வண்டி நிற்கிற மூலையைப் பார்க்க வேண்டாம் என்று மறைத்தும் விட்டோம். சத்தம் அடங்கியது. ஆனால் சந்தையில் சனம் நெருக்கமாக நிற்கிற இடமே அந்த மூலைதான்.

தூரத்துக் கத்தி ஏன் பிடிபடவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. முதலில் போட்டவை 2.8 மில்லிமீற்றர் வில்லை (லென்ஸ்) உள்ளவை, அகலமாகக் காட்டும். படத்தின் அகலம் 2560 புள்ளி (பிக்சல்). 15 மீற்றருக்கு அப்பால் ஓர் அடிக் கத்திக்கு அதில் 20 புள்ளியளவுதான் கிடைக்கும். மென்பொருள் படத்தை 640 புள்ளிக்குச் சுருக்கியே பார்க்கிறது, அப்போது கத்திக்கு மிஞ்சுவது 5 புள்ளி. 5 புள்ளியில் கத்தியும் ஈர்க்கும் ஒன்றுதான். வாசலில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அகலத்தைக் குறைத்துத் தூரத்தைப் பெரிதாகக் காட்டுகிற 6 மில்லிமீற்றர் கமரா போட்ட பிறகு நிலைமை தேறியது. புதிதாக வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது வில்லையைப் பற்றித்தான்.

இரவில் பெரிய எதிரி சிலந்தி. இருட்டில் பார்க்கக் கமராவில் இருக்கிற அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வலையின் ஓர் இழை வெள்ளையாக மின்னினால் அதுவும் வாள்தான். வாரம் ஒருமுறை தும்புத்தடியால் தட்டிவிடுகிறேன். மின்தடைக்கு மின்கலப் பெட்டி இருந்தாலும் கணினி அதில் அரை மணித்தியாலம்தான் தாங்கும். 2025 பெப்ரவரி 9, பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் பாய்ந்து நாடே இருண்ட அன்று நாங்களும் குருடுதான்.

உண்மையான சம்பவம் ஒன்றே ஒன்று. போன வருடம் நடுப்பகுதியில் இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்தவர்களில் ஒருவன் உரப்பையில் சுற்றிய வாளை உருவினான். உரப்பைக்குள் இருக்கும்வரை மென்பொருளுக்கு அது வெறும் உரப்பை. உருவிய பிறகு செய்தி வந்தது. நான் போனைப் பார்ப்பதற்குள் ஒரு கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போயும் விட்டார்கள். நல்லகாலம், ஆளுக்குக் காயமில்லை. பிறகு உதவியது பதிவுப் பெட்டியில் இருந்த சாதாரண வீடியோ. அதற்கு இந்த விலை கொடுத்திருக்கத் தேவையில்லை.

எச்சரிக்கையை நேரே பொலிசுக்குப் போகிற மாதிரி வைப்போம் என்று ஒருவர் கேட்டபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2025 ஒக்டோபரில் அமெரிக்காவின் பால்டிமோர் கவுண்டியில், பாடசாலைக்கு வெளியே நின்ற மாணவனின் சிப்ஸ் பையை இப்படியொரு மென்பொருள் துப்பாக்கி என்றது. பாதுகாப்புப் பிரிவு அதைப் பார்த்து ரத்துச் செய்த பிறகும் தகவல் பொலிசுக்குப் போய், அவனை முழங்காலில் இருத்தி விலங்கு மாட்டினார்கள். அதே வருடம் ஜனவரியில் நாஷ்வில் பாடசாலையில் உண்மையான துப்பாக்கி வந்தபோது, கமராவுக்குச் சரியாகத் தெரியாததால் இந்த வகை மென்பொருள் பேசாமல் இருந்தது. இங்கேயோ போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பையை அவிழ்த்துக் கொட்டிக் காட்டி வளர்ந்த சனம். கமரா பூட்டிய அன்றே ஓர் அம்மா, “திரும்பவும் செக்பொயின்ரோ?” என்று கேட்டுவிட்டுத் தான் கொண்டுவந்த சத்தகத்தை, அந்தச் சின்னக் கத்தியை, சேலைத் தலைப்பால் மூடினார். வயலில் இருந்து நேரே வருகிற மனிசனை ஜீப்பில் ஏற்ற நான் காரணமாக இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செய்தி இன்றுவரை மூன்று கடைக்காரர்களின் போனுக்கு மட்டும்தான் வருகிறது.

கமராக்களும் பதிவுப் பெட்டியும் இருக்கட்டும், அவற்றில் எனக்குக் குறை இல்லை. அடுத்த வருடக் கட்டணம் கேட்டு வந்தபோது ஆயுதப் பகுதியை நிறுத்திவிடலாம் என்று கூட்டத்தில் முடிவாகியது. இப்போதைய தவணை இன்னும் முடியவில்லை. மிச்சம் பிடித்த காசில் பஸ் தரிப்பிடத்துக்கு இரண்டு பெரிய விளக்குக்கு ஓடர் கொடுத்திருக்கிறோம்.