உஷாவா, லதாவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் (ரப்பர்) வெட்டிய என் அம்மாவுக்கும் எனக்கும் இது ஓயாத பேச்சு. பழைய மர்மப் படங்களில் எந்தக் கதாநாயகி உசத்தி? (முடிவுகளையும் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

அம்மாவின் கட்சி 'அந்த நாள்' உஷா. எஸ். பாலசந்தர் இயக்கி 1954-இல் வந்த படம். பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. அதனால் பெண்ணை அலங்கரித்து நிறுத்தி ரசிக்க இடமே கிடையாது. நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கணவனை எதிர்த்து நிற்கிறார் உஷாவாக வரும் பண்டரிபாய்.

எனக்கு 1964-இல் வந்த 'புதிய பறவை'யின் லதாதான். வண்ணப் படம், கப்பல் பயணம், லதாவாக வரும் சரோஜாதேவியின் உடைகள். கேமரா கதாநாயகன் கோபாலின் கண்ணாகவே மாறி அவளை ரசிக்கிறது. ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள் என்று திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975-இல் எழுதியது அப்படியே பொருந்துகிறது. ஆனால் லதா போலீஸ் என்று தெரியும் நொடியில் எல்லாம் தலைகீழ். இவ்வளவு நேரமும் அவனைக் கவனித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்!

சரி, சித்ரா? சௌகார் ஜானகி நடித்த, கோபாலின் அந்த மனைவியை நாம் அறிவது பெரும்பாலும் அவன் வாயால்தான். குடிக்கிறாள், அடங்கமாட்டாள் என்று அவன் சொல்கிறான், நாமும் நம்பிவிடுகிறோம். எங்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலும் எத்தனையோ அக்காமார்களின் கதை புருஷன் சொன்னபடியேதான் ஊரில் பரவியது. சித்ராவின் பக்கத்தை அந்தப் படத்தில் யாரும் கேட்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் நான் அம்மாவிடம் தோற்றுப்போகிறேன்.