முதியோர் இல்லமா, வீட்டில் ஆளா? யாழ்ப்பாணத்தில் நான்கு வழிகள், ஓர் இரவுக் கணக்கு

“அம்மாவை விடுறதுக்கு ஒரு நல்ல இடம் சொல்லுங்கோ” என்று ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கேட்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் விறாந்தையில் கதிரை போட்டிருந்து பேப்பர் வாசிப்பவருக்கு நல்லதாக இருக்கும் இல்லம், பாரிசவாதம் வந்து கட்டிலோடு கிடப்பவருக்கு மோசமான இடமாகலாம். ஒரே கூரை, ஒரே ஆட்கள்தான். ஆகவே இங்கே இல்லங்களைப் பெயர் சொல்லித் தரம் பிரிக்கவில்லை. அரச இல்லம், சமய அமைப்புகளும் தர்ம ஸ்தாபனங்களும் நடத்தும் இல்லம், மாதக் காசு கட்டும் தனியார் இல்லம், வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்ப்பது என்று நம்மிடம் இருக்கும் நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

நான்கையும் அளக்க முதலில் ஒரே கேள்வி போதும் என்பது என் கட்சி. இரவில் யார் விழித்திருப்பது?

பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். “எங்களிட்ட பன்னிரண்டு பேர் வேலை செய்யினம்” என்பார்கள். அதில் சமையற்காரர், கேற்றில் நிற்பவர், கணக்கெழுதுபவர் எல்லோரும் அடக்கம். இரவு பத்து மணிக்கும் விடிய ஐந்து மணிக்கும் இடையில், ஒருவரைத் தூக்கிப் புரட்டக்கூடிய பலத்தோடு, நித்திரை கொள்ளாமல் எத்தனை பேர் என்று கேளுங்கள். தானாக அசைய முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கவேண்டும். இல்லாவிட்டால் நாரிக்குக் கீழும் இடுப்பெலும்பிலும் குதிக்காலிலும் தோல் சிவக்கும். அந்தச் சிவப்பை விரலால் அமர்த்தியும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. ஒருவரைப் புரட்டி, நனைந்த பம்பர்ஸை மாற்றிவிடப் பத்து நிமிடம் என்று குறைத்தே வைப்போம். படுக்கையில் இருப்பவர்கள் இருபது பேர் என்றால் ஒரு சுற்றுக்கு 200 நிமிடம். கையில் இருப்பதோ 120 நிமிடம். இரவில் ஒருவர்தான் நிற்கிறார் என்றால், அவர் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

அரச இல்லத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் அரச முதியோர் இல்லம் என்றால் கைதடிதான். பட்டினத்திலிருந்து சாவகச்சேரிப் பக்கம் போகும் வழியில், மாகாண சபையும் சித்த போதனா வைத்தியசாலையும் இருக்கும் அதே கைதடி. வட மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் கீழ் நடப்பது. பார்க்க ஆளில்லாதவர்களுக்கு, வருமானம் இல்லாதவர்களுக்கு என்று அமைந்த இடம் அது. விண்ணப்பம் கிராம அலுவலர், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் என்று போகும். கனடாவில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், வீடும் வளவும் இருக்கிறது என்றால் இதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதே நியாயம். அந்தக் கட்டில் இன்னொருவருக்குத் தேவை. அரச இல்லம் என்ற வகைக்கே உரிய பலம் ஒன்று உண்டு: ஆட்கள் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள், நடத்துபவருக்குக் காசு முட்டுப்பட்டது என்று ஒரே மாதத்தில் பூட்டிவிட்டுப் போக முடியாது, முறைப்பாடு வைக்க மேலே ஒரு கதிரை இருக்கிறது. பலவீனமும் அங்கேயேதான். வெற்றிடம் வந்தால் நியமனம் வரும்வரை ஆள் குறைவு, குளிப்பு, சாப்பாடு, படுக்கை எல்லாம் மணிக்கணக்குப்படி.

தர்ம இல்லங்களைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். அருட்சகோதரிகள் நடத்துபவை இருக்கின்றன, சைவ அமைப்புகள் நடத்துபவை இருக்கின்றன. இரவுக் கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் இந்த வகையில்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். காரணம் எளிது: நடத்துபவர்களில் சிலர் அதே வளவுக்குள் படுத்தெழும்புகிறார்கள். ஆனால் இவை நன்கொடையில் ஓடுபவை, அந்தத் தடம் சாப்பாட்டில் தெரியும். அப்பாவின் திவசத்துக்கு, பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்று வெளிநாட்டிலிருந்து ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குக் காசு அனுப்பும் வழக்கம் நமக்கு நன்றாகப் பழகிவிட்டது. நல்ல வழக்கம்தான், குறை சொல்லவில்லை. அன்று வடை, பாயாசம், அப்பளம் என்று வாழையிலை நிரம்பும். படம் எடுத்துப் போடுவார்கள். அந்த வரிசையில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு நீரிழிவு என்று யார் பார்த்தது? இரண்டு நாள் கழித்து, திவசமும் இல்லாமல் பிறந்தநாளும் இல்லாமல் வரும் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு என்ன சாப்பாடு? அதைத்தான் கேட்கவேண்டும். இரவில் இரண்டு துண்டு பாணும் தேத்தண்ணியும்தான் என்றால், இன்சுலின் போடுபவருக்கு விடியப்புறம் சீனி இறங்கி மயக்கம் வரலாம்.

சாப்பாட்டைச் சோதிக்க ருசி பார்க்கத் தேவையில்லை. தராசு இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை எல்லோரின் நிறையையும் எழுதி வைக்கும் இல்லம் நல்ல இல்லமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மாதத்தில் 5 வீதம், அல்லது ஆறு மாதத்தில் 10 வீதம் நிறை குறைந்தால் டொக்டரிடம் காட்டவேண்டிய விடயம். 50 கிலோ அம்மாவுக்கு அது ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ. வீடியோவில் முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

சமயத்தைப் பற்றியும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். மச்சம் தொடாத சைவக்கார அம்மாவுக்குத் தனிச் சமையல் உண்டா, காலைச் செபத்துக்குக் கட்டாயம் போகவேண்டுமா, வேதக்கார அப்பாவைச் சைவ இல்லத்தில் விட்டால் ஞாயிறு பூசைக்கு யார் கூட்டிப்போவது. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடும் கேள்விகள் இவை. பிறகு தினமும் அதைத் தாங்கப்போவது அவர்கள்தான்.

தனியார் இல்லங்களில் முதலில் கண்ணில் படுவது ரைல்ஸ் பதித்த தரையும் ஏசியும் கேற்றடி கமராவும். அவை கெட்டவை அல்ல. ஆனால் ஈரத்தில் வழுக்கும் பளபளப்பு ரைல்ஸை விட, ரொயிலற் சுவரில் பிடித்தெழும்ப ஒரு கம்பி இருப்பது பெரிய வசதி. சொல்லும் மாதக் காசுக்குள் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். பம்பர்ஸ், மருந்து, கிளினிக் போய்வரும் வாகனம், பிசியோ எல்லாம் புறம்பாக வந்தால் கடைசித் தொகை வேறு. 2022 பொருளாதார நெருக்கடியில் பம்பர்ஸ் விலை ஏறியபோது, தனியே காசு வாங்காத இடங்களில் ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று மட்டுப்படுத்துவது எவ்வளவு இயல்பாக நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் எழுத்தில் வாங்கவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, கட்டணம் கிடையாது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் வைத்தியம் இலவசம். ஆனால் வோட்டில் பக்கத்தில் நிற்க, சாப்பாடு தீத்த ஓர் ஆள் வேண்டும். இல்லம் ஆள் அனுப்புமா, அனுப்பினால் நாளுக்கு எவ்வளவு, அந்த ஆள் போனதால் இல்லத்தில் இரவு நிற்பவர் ஒருவர் குறைகிறாரா? “அதுக்கு நீங்கதான் சொந்தக்காரரைப் பிடிக்கவேணும்” என்று சொல்லும் இடமென்றால், சொந்தக்காரர் எவருமே ஊரில் இல்லாதவர் அங்கே விடுவது வீண்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும். பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அதே மூச்சில், பராமரிப்பாளர்களில் என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் உள்ளவர் எவராவது இருக்கிறாரா என்றும் கேளுங்கள். நிறையப் பேர் இருக்க மாட்டார்கள். சான்றிதழ் கையில் வந்ததும் இஸ்ரேலுக்குப் பராமரிப்பு வேலைக்குப் பறந்துவிடுவது இலங்கை முழுக்க உள்ள கதை. நம் பிள்ளைகள் போன அதே பாதையில் அவர்களும் போகிறார்கள், யாரை நோவது?

தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிறு காலை பதினொரு மணி வட்ஸ்அப் வீடியோ, குளிக்கவார்த்து பவுடர் பூசித் தலை இழுத்த பிறகு வரும் காட்சி. ஒருநாள் நேரம் மாற்றி எடுங்கள். முகத்தைக் காட்டச் சொல்லாமல் காலைக் காட்டச் சொல்லுங்கள். குதிக்காலும் விரலிடுக்கும் நகமும் உண்மையைச் சொல்லும். உலர்ந்து வெடித்த நாக்கு என்றால் தண்ணீர் போதவில்லை. எந்நேரம் எடுத்தாலும் அம்மா நித்திரை என்றால், நித்திரைக் குளிசை யார் எழுதிக் கொடுத்தது என்று மருந்துத் துண்டைக் கேளுங்கள். ஊரில் ஒரு மச்சாளோ பக்கத்து வீட்டுத் தம்பியோ இருந்தால், பின்னேரம் ஆறரைக்குச் சொல்லாமல் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். “அந்நேரம் விடமாட்டம்” என்று கேற்றிலேயே திருப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

சரி, வீட்டில் ஆள் வைப்பது? எல்லோர் மனதுக்கும் பிடித்தது இதுதான். தன் கட்டில், தன் சாமியறை, பின்னேரத்தில் வேலியடிக் கதை. ஆனால் இரவுக் கணக்கு இங்கேயும் துரத்தி வரும். பெரும்பாலும் வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வரும் ஒரு பெண், பகல் முழுக்கச் சமைத்து, துவைத்து, கழுவி, இரவிலும் இரண்டு மணிக்கொருதரம் எழும்பவேண்டும் என்று எதிர்பார்ப்பது மனிதத் தன்மையல்ல. இரண்டாம் மாதம் அவர் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்பமாட்டார், அதில் பிழையும் இல்லை. படுக்கை நோயாளிக்கு வீடு என்றால் இரண்டு ஆள் மாறி மாறி, மாதத்தில் லீவு நாள், மேற்பார்வைக்கு ஊரில் ஒரு சொந்தம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போது நல்ல தனியார் இல்லத்தை விடச் செலவு கூடவும் கூடும். வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கிணற்றடிப் பாசி, வளவின் கோடியில் மலசலகூடம், உயரமான வாசற்படி. நம் பழைய வீடுகள் விழுவதற்கென்றே கட்டினாற் போல இருக்கும். கழுத்தில் சங்கிலியோடு தனியே இருக்கும் கிழவி என்று ஊருக்கே தெரிவதும் நல்லதல்ல.

என் முடிவு இப்படி இருக்கும். நடந்து திரிந்து தன் வேலையைத் தானே பார்ப்பவர் என்றால் வீடு, அதற்கு அடுத்து தர்ம இல்லம். பேச்சுத்துணை அங்கே அதிகம். படுக்கையில் இருப்பவருக்கு, இரவில் இரண்டு பேராவது விழித்திருக்கும் இல்லம் கிடைத்தால் அது எந்த வகையானாலும் சரி, கிடைக்காவிட்டால் வீட்டில் இரண்டு ஆள். மறதி நோய் வந்தவரை இடம் மாற்றுவதை முடிந்தவரை தள்ளிப்போடுவேன். புது இடத்தில் குழப்பம் கூடும், வெளியே ஓடப் பார்ப்பார்கள், அதைச் சமாளிக்கக் கட்டிலில் கட்டுவதும் குளிசையில் உறங்க வைப்பதும்தான் பல இடங்களுக்குத் தெரிந்த வழி. முதலில் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டி, வீட்டிலேயே எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

எங்கே விட்டாலும் முதல் மூன்று மாதத்துக்கு வீட்டை வாடகைக்குக் கொடுக்கவேண்டாம், திரும்பி வர இடம் இருக்கட்டும். “ஆயுசுக்கும் பார்க்கிறம், வளவை எழுதித் தாங்கோ” என்று எந்த இல்லமோ உறவோ கேட்டால், உறுதியில் சீவிய உருத்து (உயிரோடு இருக்கும்வரை அதை அனுபவிக்கும் உரிமை) வைக்காமல், சொந்தமாகப் பிடித்த ஒரு சட்டத்தரணி வாசிக்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள். உறுதி முடித்த கையோடு கவனிப்பு மாறினால் கேட்பதற்கு வேறு பிடி இராது. பிள்ளைகள் கைவிட்டால், அதே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பெற்றோர், பராமரிப்புச் சபையிடம் பராமரிப்புக் காசு கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பதையும் அம்மாவுக்கு யாராவது சொல்லி வையுங்கள்.