பல் எடுத்த பிறகு: ஐஸா ஒத்தடமா, உப்புத் தண்ணீரா மவுத்வாஷா?

பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தவரிடம் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். ஐஸ் வை என்பார் ஒருவர். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு என்பார் இன்னொருவர். உப்புத் தண்ணீரில் உடனே கொப்பளிக்கச் சொல்வார்கள் சிலர், மருந்துக்கடை மவுத்வாஷ்தான் சரி என்பார்கள் மற்றவர்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார் பேச்சைக் கேட்பது? இவை எல்லாவற்றையும் உரசிப் பார்க்க ஓர் உரைகல் இருக்கிறது. குழிக்குள் உறைந்திருக்கும் ரத்தத்தை அந்த யோசனை காப்பாற்றுமா, கலைத்துவிடுமா என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

பல் வெளியே வந்ததும் குழி ரத்தத்தால் நிரம்பி, சில நிமிடங்களில் கருஞ்சிவப்பாக உறைந்துவிடும். தோலில் பட்ட காயத்துக்குப் பொருக்கு எப்படியோ, அப்படித்தான் குழிக்கு இந்த உறைவு. அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் அதுதான் மூடி வைக்கிறது. முதல் வாரத்தில் புதுத் திசு அதற்குள் ஊடுருவி வளர்கிறது. ஈறு மூடிக்கொள்ள மூன்று, நான்கு வாரம் ஆகும். உள்ளே எலும்பு நிரம்ப மாதங்கள் பிடிக்கும்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால் குழியின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படலம் தெரியும். பலர் அதைச் சீழ் என்று பயப்படுகிறார்கள். சிலர் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது என்று நினைத்துப் பல்குச்சியால் சுரண்டுகிறார்கள். தயவுசெய்து சுரண்டாதீர்கள். அது காயம் ஆறுவதன் அடையாளம். நாக்கு நுனியால் துழாவிப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

இந்த உறைவு ஆறும் முன்பே கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு வெறுமையாக நிற்கும். பல் மருத்துவர்கள் இதை டிரை சாக்கெட் என்பார்கள். நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி, மூன்றாம் நாள் வாக்கில் திடீரென்று ஏறும், காது வரை இழுக்கும், வாயில் கெட்ட வாடை அடிக்கும். சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. கீழ்த்தாடை ஞானப்பல் என்றால் வாய்ப்பு பல மடங்கு அதிகம். புகைபிடிப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் கூடுதல் ஆபத்து உண்டு.

முதல் அரை மணி நேரம்: காஸ் துணியா, தேயிலைப் பையா

மருத்துவர் வைத்துவிடும் காஸ் துணியை 20 முதல் 30 நிமிடம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். ரத்தத்தை நிறுத்துவது துணி அல்ல, கடிக்கும் அழுத்தம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் பார்த்தால், அப்போதுதான் பிடிக்கத் தொடங்கிய உறைவும் துணியோடு வந்துவிடும். நனைத்துப் பிழிந்த தேயிலைப் பையைக் கடிப்பதும் வெறும் கைவைத்தியம் அல்ல. தேயிலையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் ரத்தக் கசிவைக் கட்டுப்படுத்த உதவும். ஆனாலும் முதல் தேர்வு காஸ் துணிதான். வீட்டுக்கு வந்த பிறகும் கசிவு நிற்காமல், கையில் துணியும் தீர்ந்துபோனால் தேயிலைப் பையை எடுக்கலாம். எச்சிலில் இளஞ்சிவப்பாகக் கலந்து வருவது ஒரு நாள் வரை சகஜம். அரை மணி நேரம் விடாமல் அழுத்தியும் வாய் நிறைய ரத்தம் வந்தால் மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள், கசிவுக்குப் பயந்து அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. மாத்திரையை நிறுத்தினால் மூளையிலோ இதயத்திலோ ரத்தம் அடைத்துக்கொள்ளலாம். பல் குழியின் கசிவை அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிட முடியும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், மருத்துவர் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வார்.

ஐஸா, சூடா

இருவர் சொல்வதும் சரிதான், நேரம்தான் வேறு. முதல் நாள் ஐஸ். துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்புறம் 20 நிமிடம் வைத்து, 20 நிமிடம் எடுத்துவிட வேண்டும். குளிர்ச்சி ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் வீக்கமும் கசிவும் மட்டுப்படும். அன்றைக்கே சூட்டு ஒத்தடம் கொடுத்தால் ரத்த ஓட்டம் கூடி, நின்ற கசிவு மறுபடி தொடங்கும். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். நேற்றைவிட இன்று கன்னம் பெரிதாக இருக்கிறதே என்று அந்த நாட்களில் கலங்க வேண்டாம். அதற்குப் பிறகு தாடை இறுகி வாய் திறக்கச் சிரமமாக இருந்தால் இளஞ்சூட்டு ஒத்தடம் இதமாக இருக்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவே சிரமப்பட்டாலோ ஒத்தடத்தை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

உப்புத் தண்ணீரா, மவுத்வாஷா

முதல் 24 மணி நேரம் இரண்டுமே வேண்டாம். கொப்பளிக்கும் வேகத்தில் உறைவு பெயர்ந்துவிடலாம். ஓங்கித் துப்புவதும் ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் அப்படித்தான்.

இரண்டாம் நாளிலிருந்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துச் சாப்பாட்டுக்குப் பின் வாயை அலசலாம். தலையை இப்படியும் அப்படியும் மெல்லச் சாய்த்து, வாயைத் திறந்து தண்ணீரைத் தானாக விழ விட வேண்டும். கிருமிகொல்லியான குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷுக்கு ஆராய்ச்சிச் சான்று ஓரளவு பலமாக இருக்கிறது. பல் எடுக்கும் முன்பும் பின்பும் 0.12 அல்லது 0.2 சதவீதக் கரைசலால் அலசினால் டிரை சாக்கெட் வருவது குறையக்கூடும் என்று, பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதே சமயம் இது பல்லில் பழுப்புக் கறை ஏற்றும், நாக்கின் ருசியைக் கெடுக்கும், அரிதாகக் கடுமையான ஒவ்வாமையையும் கொண்டுவரும்.

சாதாரணமாகக் கழன்று வந்த பல்லுக்கு உப்புத் தண்ணீரே போதும் என்பது என் முடிவு. எலும்பைத் தோண்டி எடுத்த ஞானப்பல், முன்பு டிரை சாக்கெட் வந்த அனுபவம், விட முடியாத புகைப்பழக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் குளோர்ஹெக்ஸிடின் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

வலி மாத்திரைகளில் எது

மக்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். பாராசிட்டமால் பாதுகாப்பானது, ஐபுப்ரோஃபென் வயிற்றைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டுப் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொண்டு இரவெல்லாம் துடிப்பவர்கள் உண்டு. ஞானப்பல் அறுவைக்குப் பிந்தைய வலியில் இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பில், 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலைவிட 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் நன்றாகக் கேட்டது. பல் எடுத்த வலியில் பெரும்பங்கு வீக்கத்தால் வருவது. ஐபுப்ரோஃபென் வீக்கத்தையே தணிக்கிறது, பாராசிட்டமாலுக்கு அந்த வேலை அவ்வளவாகத் தெரியாது. இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் சேர்த்துச் சாப்பிட்டால் பலன் இன்னும் கூடும்.

இவற்றைவிட வீரியமானது என்று சிலர் கேட்டு வாங்கும் கோடீன், டிராமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) மாத்திரைகள் இந்த வலிக்கு முதல் தேர்வே இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் ஏற்ற வழிகாட்டுதலும் ஐபுப்ரோஃபென் வகையைத் தனியாகவோ பாராசிட்டமாலோடு சேர்த்தோ முதலில் கொடுக்கச் சொல்கிறது. ஓபியாய்டு தூக்கம், குமட்டல், மலச்சிக்கலோடு பழக்கமாகிவிடும் ஆபத்தையும் கொண்டுவரும். சிறுவர்களுக்கு மூச்சையே அடக்கிவிடலாம்.

ஐபுப்ரோஃபென் எல்லாருக்கும் ஆகாது என்பதும் உண்மைதான். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரை சாப்பிட்டால் கிளம்பும் ஆஸ்துமா, கர்ப்பத்தின் பின்பாதி, ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து இவற்றில் ஒன்று இருந்தாலும் பாராசிட்டமாலே நல்லது. அதுவும் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஜலதோஷ மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதால் அட்டையைப் படித்துவிடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று ஆஸ்பிரினை விழுங்க வேண்டாம். அது ரத்தத் தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் கெடுக்கும். அதைப் பொடித்துக் குழியில் வைத்தால் ஈறு வெந்துபோகும்.

மாத்திரையை எப்போது சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். மரத்துப்போன உதடு தெளிந்து வலி பிடித்த பிறகு மாத்திரையைத் தேடுவதைவிட, தெளியும் முன்பே முதல் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டால் அந்த மாலை நிம்மதியாகக் கழியும்.

ஆன்டிபயாடிக் தருவதா வேண்டாமா என்பதில் மருத்துவர்களிடமே இரண்டு கட்சி உண்டு. ஞானப்பல் எடுத்தவர்களில் ஏறத்தாழ 19 பேருக்குக் கொடுத்தால்தான் ஒருவருக்குத் தொற்று தவிர்க்கப்படுகிறது என்று 2021ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு கணக்கிட்டது. உடல் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் ஏற்கெனவே சீழ் பரவியவருக்கும் தேவைப்படலாம். ஆரோக்கியமானவர் வற்புறுத்திக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. டிரை சாக்கெட் வந்துவிட்டாலும் ஆன்டிபயாடிக் அந்த வலியைத் தீர்க்காது. மருத்துவர் குழியைக் கழுவி, கிராம்பின் யூஜெனால் கலந்த மருந்தை வைத்து அடைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே வலி தணியும். வீட்டில் கிராம்பு எண்ணெயை நேராகக் குழியில் ஊற்றுவது அதற்கு ஈடாகாது. சுத்த எண்ணெய் திசுவைப் புண்ணாக்கும்.

எடுக்கும் முன்பே முடிவாகும் விஷயங்கள்

குணமாவதில் பாதி, நாற்காலியில் சாய்வதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. ஊசியா மயக்கமா என்பது அதில் ஒன்று. ஹோரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1844 டிசம்பரில் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைச் சுவாசித்து, தன் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தார். இன்று நம் ஈறில் ஊசியாகப் போடும் மரப்பு மருந்தான லிக்னோகெய்ன் 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கியது. ஒரு பல்லுக்கு ஊசியே போதும். எலும்பில் அழுத்துவதும் மளுக்கென்ற சத்தமும் தெரியும், வலி தெரியாது. முடிந்ததும் நடந்தே வீட்டுக்குப் போகலாம். உதடு மூன்று நான்கு மணி நேரம் மரத்திருக்கும். குழந்தைகள் அதைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் கவனிக்க வேண்டும். அச்சம் அடக்க முடியாதவர்களுக்கு நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு நல்ல நடுவழி, சில நிமிடங்களில் தெளிந்துவிடும். நரம்பில் போடும் தூக்க மருந்து என்றால் துணைக்கு ஆள் வேண்டும், ஒரு நாள் வண்டி ஓட்டக் கூடாது.

தொந்தரவு தராத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுத்துவிடுவதா என்பது இன்னொன்று. மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, நோயில்லாத ஞானப்பல்லை எடுக்க வேண்டாம் என்று 2000ஆம் ஆண்டு சொன்னது. இளவயதில் வேர் முழுதாக வளராதபோதே எடுத்தால் சுலபம் என்று மறுதரப்பு வாதிடுகிறது. அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் நான் பிரிட்டன் பக்கம்தான். அடிக்கடி ஈறு வீங்கினாலோ பக்கத்துப் பல் சொத்தையானாலோ எடுக்கட்டும். வேர் கீழ்த்தாடை நரம்பை ஒட்டியிருந்தால், உதடு நிரந்தரமாக மரத்துப்போகாமல் இருக்க, மேல்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேரை விட்டுவிடும் முறையும் இருக்கிறது.

கடைசியாக, காலியான இடம். ஞானப்பல்லுக்கு மாற்றே வேண்டாம். மற்றக் கடவாய்ப்பல் போனால் பக்கத்துப் பல் சாய்ந்துகொண்டும் எதிர்ப் பல் இறங்கிக்கொண்டும் வரலாம். கழற்றி மாட்டும் செட் எளிது, ஆனால் மெல்லும் பலம் குறைவு. இருபக்கப் பற்களில் பிடித்துப் பாலம் கட்டினால் சில வாரங்களில் வேலை முடியும், அதற்காக நல்ல பற்கள் இரண்டைச் செதுக்க வேண்டும். எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் பக்கத்துப் பல்லைத் தொடாது, எலும்போடு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம் கேட்கும். பல் போன இடத்தில் எலும்பு ஒரே ஆண்டில் தன் அகலத்தில் பாதியை இழக்கலாம். அந்த இழப்பில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடுகிறது. குழியில் எலும்புத்தூள் நிரப்பி இதை ஓரளவு தடுக்கலாம், ஆனால் அதைச் செய்ய ஏற்ற நேரம் பல் எடுக்கும் அன்றைக்கேதான். இம்ப்ளான்ட் எண்ணம் இருப்பவர்கள் அதை ஊசி போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.