இங்கிலீஷ் டீச்சர்களுக்கான 6 வார பாராகிராப் கோர்ஸ்: காசு கட்டி முடிச்சதுக்கு அப்புறம் எழுதுற ரிவ்யூ

கோர்ஸ் பேரு இங்க போடல, ஏன்னா குறையும் நிறைய சொல்லப்போறேன். ஆன்லைன்ல சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், மொத்தம் 6 கிளாஸ், ஃபீஸ் 2,400 ரூபா. பசங்களுக்கு லிட்டரரி பாராகிராப் எழுத எப்படி சொல்லித்தர்றதுன்னு டீச்சர்களுக்கு நடத்துற கோர்ஸ் இது. நான் ஸ்டேட் போர்டுல பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ் எடுக்கிறேன், என் செக்‌ஷன்ல 46 பேர்.

நான் ஏன் சேர்ந்தேன்னு முதல்ல சொல்லிடறேன். நம்ம பேப்பர்ல பாராகிராப் கொஸ்டின் 5 மார்க், ப்ரோஸ்ல ஒண்ணு போயம்ல ஒண்ணு. பசங்க கைடுல இருக்கிறதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு வந்து சினாப்சிஸ், இன்ட்ரடக்‌ஷன், கன்க்ளூஷன்னு அடிக்கோடு போட்டு எழுதிடுவாங்க, மார்க்கும் வந்துடும். ஆனா கேள்வியை லேசா திருப்பி, இந்த போயம்ல யாரு பேசுறாங்க, ஏன் அப்படி பேசுறாங்கன்னு கேட்டா அதே பாராகிராப்தான் வரும். வருஷா வருஷம் 46 பேப்பர்லயும் ஒரே பாராவைத் திருத்தி திருத்தி எனக்கு மனசு விட்டுப்போச்சு.

கோர்ஸ்ல சொல்லித்தந்தது பீல் (PEEL) முறை, அதாவது பாயின்ட் (கருத்து), எவிடென்ஸ் (பாடத்துல இருந்து ஆதாரம்), எக்ஸ்ப்ளனேஷன் (விளக்கம்), லிங்க் (கடைசில திரும்ப முதல் கருத்தோட இணைக்கிறது). இது இன்டர்நெட்ல ஃப்ரீயாவே கிடைக்குது, இதுக்காக மட்டும்னா சேரவே வேணாம். குடுத்த காசுக்கு மதிப்பு கிடைச்சது ரெண்டாவது கிளாஸ்லதான். ட்ரெயினர் எங்களுக்கு எதுவுமே லெக்சர் எடுக்காம, நீங்களே ஒரு பாரா எழுதுங்கன்னு 20 நிமிஷம் குடுத்துட்டாங்க. பதினஞ்சு வருஷமா பாராகிராப் திருத்துறேன், நானா உட்கார்ந்து ஒண்ணு எழுதினதே இல்லைன்னு அப்பதான் உறைச்சுது. எக்ஸ்ப்ளனேஷன்கிற இடத்துக்கு வந்ததும் கை நின்னுடுச்சு, எவிடென்ஸையே வேற வார்த்தைல திருப்பி எழுதிட்டு இருந்தேன், பசங்க எங்க மாட்டிக்கிறாங்களோ அதே இடம்.

அதுக்கு அவங்க குடுத்த வழி ரொம்ப சின்னது. முழு வரியை மேற்கோளா எடுக்காதீங்க, ரெண்டு மூணு வார்த்தை மட்டும் எடுத்து உங்க வாக்கியத்துக்குள்ள வைங்க, அப்புறம் இந்த வார்த்தைக்கு பதிலா வேற வார்த்தை போட்டிருந்தா என்ன போயிருக்கும்னு கேளுங்க, அந்த பதில்தான் எக்ஸ்ப்ளனேஷன். அவ்வளவுதான்.

இதை நான் கிப்ளிங்கோட 'தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்' போயம்ல பண்ணிப் பார்த்தேன், நம்ம பத்தாங்கிளாஸ் புக்ல இருக்கிறதுதான், 1911ல வந்தது, மெஷின்களே 'நாங்க'ன்னு பேசுற மாதிரி எழுதினது. வழக்கமா பசங்க பெர்சானிஃபிகேஷன் (உயிரில்லாததை மனுஷன் மாதிரி காட்டுறது)னு ஒரு வார்த்தை எழுதிட்டு அடுத்த வரிக்கு போயிடுவாங்க. இந்த தடவை வெர்பை மட்டும் வட்டம் போடுங்கன்னு சொன்னேன். முதல் நாலு வரியும் 'வீ வேர்'னு ஆரம்பிக்குது, டேக்கன், மெல்ட்டட், காஸ்ட், கட், எல்லாமே பேசிவ் வாய்ஸ், அதாவது வேற யாரோ அதுங்களுக்கு செஞ்சது. கொஞ்சம் தள்ளிப் போனா 'வீ கேன்'னு மாறிடுது, புல், ஹால், புஷ், லிஃப்ட்னு மூச்சு விடாம அடுக்குது. அதுக்கும் அப்புறம் கையாளுறதுல சறுக்கினா நீ செத்தேன்னு நம்மளைப் பார்த்தே சொல்லுது. கடைசி பெஞ்சுல ஒரு பையன், இங்கிலீஷ்ல எப்பவும் 35ஐ தாண்டாதவன், எழுந்து "மிஸ், முதல்ல மனுஷன் அதை செய்யறான், கடைசில அது மனுஷனை மிரட்டுது மிஸ்"னு சொன்னான். எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. பேசிவ் வாய்ஸை கிராமர்ல 2 மார்க்குக்கு மாத்தி எழுதற விஷயமா மட்டும்தான் அவன் அதுவரைக்கும் பார்த்திருக்கான், நானும் அப்படித்தான் நடத்தியிருக்கேன்.

அவன் சொன்னதை இங்கிலீஷ்ல எழுத வைக்கிறதுல கோர்ஸ் கை விட்டுடுச்சு. வீட்டுல இங்கிலீஷ் பேசுற பசங்களை மனசுல வெச்சு செஞ்ச கோர்ஸ் இது. சாம்பிள் பாராவெல்லாம் வெளிநாட்டு ஸ்கூல் பசங்க எழுதினது. யோசனை தமிழ்ல வருது, வாக்கியம் இங்கிலீஷ்ல வரலைன்னா என்ன பண்றதுன்னு கேட்டேன், தெளிவா பதில் இல்ல. நானேதான் வழி கண்டுபிடிச்சேன். முதல்ல தமிழ்ல பேச விட்டேன், அப்புறம் 'ஷோஸ்'கிற ஒரே வெர்புக்கு பதிலா சஜெஸ்ட்ஸ், ரிவீல்ஸ், வார்ன்ஸ்னு 8 வெர்பு சார்ட்ல எழுதி ஒட்டினேன். கதையை பாஸ்ட் டென்ஸ்ல சொல்லாம, போயம் சொல்லுதுன்னு பிரசன்ட் டென்ஸ்ல எழுத பழக்கினேன், இது மட்டும் கோர்ஸ்ல நல்லா சொல்லித்தந்தாங்க.

இதுல எங்க ஸ்கூல் தமிழய்யாகிட்ட பேசினது பெரிய உதவி. தமிழ்ல நயம் பாராட்டுறதை நம்ம பசங்க சின்ன கிளாஸ்ல இருந்தே எழுதறாங்க, மோனை, எதுகை, இயைபு, அணின்னு தலைப்பு போட்டு. "அங்கயும் இதே வியாதிதான் டீச்சர், எதுகை இருக்குன்னு எழுதுவான், அது பாட்டுக்கு என்ன செய்யுதுன்னு எழுதமாட்டான்"னு அவர் சொன்னார். இப்ப ரெண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேக்கறோம்: இருக்கு சரி, அதனால என்ன? பசங்களுக்கு ரெண்டு பாடமும் ஒண்ணுதான்னு புரிய ஆரம்பிச்சிருக்கு. இது கோர்ஸ்ல இல்லவே இல்ல, இருந்திருக்கணும்.

மத்த குறைகள்: ஆறு கிளாஸ்லயும் ஹோம்வொர்க் குடுத்தாங்க, ஆனா என் பாராவுக்கு கருத்து எழுதி வந்தது ரெண்டே தடவை. ஒர்க்‌ஷீட் எல்லாம் கலர்ல இருக்கு, 46 பேருக்கு ஜெராக்ஸ் எடுத்தா கட்டுபடியாகாது, நான் போர்டுல எழுதித்தான் ஓட்டினேன். ரெகார்டிங் 30 நாள்ல மூடிட்டாங்க, இது நியாயமே இல்ல, நமக்கு கிளாஸ்ல அந்த லெசன் வரும்போதுதானே திரும்பப் பார்க்கத் தோணும்.

இன்னொண்ணு, நாலு மாசம் கழிச்சு நல்லா எழுதற பசங்களுக்கு பீல் முறையே இடைஞ்சலாயிடுது. லிங்க் வேணுமேன்னு முதல் வாக்கியத்தையே கடைசில திரும்ப எழுதறாங்க. எப்ப அதை விடச் சொல்லணும்னு கோர்ஸ்ல யாரும் பேசல. நான் அரையாண்டு முடிஞ்சதும் ஒரு பத்து பேருக்கு மட்டும் விடச் சொல்லிட்டேன், நல்லாத்தான் வருது.

புதுசா வேலைக்கு சேர்ந்தவங்க தாராளமா சேரலாம், அந்த ரெண்டாவது கிளாஸுக்காகவே. தமிழ் மீடியம் செக்‌ஷன் எடுக்கிறவங்க பாதி வேலையை நீங்களே செய்யணும்னு தெரிஞ்சு சேருங்க. ரெகார்டிங்கை ஒரு வருஷத்துக்கு திறந்து வெச்சா எங்க ஸ்கூல்ல இருந்து இன்னும் ரெண்டு பேரை நானே சேர்த்துவிடறேன்னு அவங்களுக்கு மெயில் போட்டிருக்கேன்.