யோர்க்கா, லடாப்பியா?

டிரினிடாட் டொபாகோ கால்பந்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த இருவரில் யார் பெரியவர் என்ற கேள்வி வந்தே தீரும். 1989 நவம்பரில், டிரா செய்தாலே உலகக்கோப்பைக்குப் போய்விடலாம் என்ற ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 0-1 எனத் தோற்ற அணியில் இருவரும் இருந்தார்கள்.

அப்புறம் பாதை பிரிந்தது. ட்வைட் யோர்க் ஆஸ்டன் வில்லாவிலிருந்து 1998-ல் மான்செஸ்டர் யுனைடெட் போனார். முதல் சீசனிலேயே பிரீமியர் லீக்கில் 18 கோல், அணிக்கு மூன்று கோப்பைகள். ரசல் லடாப்பி போர்ச்சுகலில் போர்ட்டோவுக்காக இரண்டு லீக் பட்டம் வென்றார், பிறகு ஸ்காட்லாந்து.

கோப்பைக் கணக்கில் யோர்க்தான், சந்தேகமே இல்லை. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஆட்டத்தின் வேகத்தையே மாற்றும் வித்தையில் என் ஓட்டு லடாப்பிக்கு.

சரி, நாட்டுக்கு யார்? 2005-ல் பஹ்ரைனில் யோர்க் அடித்த கார்னரை டென்னிஸ் லாரன்ஸ் தலையால் முட்டி கோலாக்கினார். உலகக்கோப்பைக் கதவு திறந்தது. 2006-ல் டார்ட்மண்டில் சுவீடனுக்கு எதிராக இரண்டாம் பாதி முழுக்கப் பத்துப் பேர்தான். கோல் அடித்தே பெயர் வாங்கிய யோர்க், கேப்டனாக நடுக்களத்தில் நின்று தடுத்து ஆடினார். 0-0. அந்த ஓர் ஆட்டத்துக்காகவே அவரை மேலே வைப்பேன்.

லடாப்பிக்கு 37 வயதில், பராகுவேக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் மாற்று வீரராகத்தான் இடம் கிடைத்தது. முன்பே இறக்கியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.