காலணி யூனிட்டுக்கு ஒரு காந்த வெள்ளைப் பலகை: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மேல்விஷாரத்தில் ஷூ அப்பர் (காலணியின் மேல்பாகம்) தைக்கும் சிறிய யூனிட் ஒன்றை நடத்தி வருகிறேன். அங்கே மாட்டுவதற்காக வேலூரில் வாங்கிய, நான்கடிக்கு மூன்றடி அளவுள்ள காந்த வெள்ளைப் பலகையைப் பற்றிய மதிப்பீடு இது.

பலகை வாங்கக் காரணமாக இருந்தது ஒரே ஒரு எண். மடிப்பதற்காகத் தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் ஸ்கைவிங் பிரிவில் மேற்பார்வையாளர், "எட்டு வைங்கம்மா" என்றார். அவர் சொன்னது சீவ வேண்டிய ஓரத்தின் அகலம், அதாவது 8 மி.மீ.; இயந்திரத்தில் இருந்த அம்மா எடுத்துக்கொண்டதோ தோலின் கனம், 0.8 மி.மீ. இருவரும் தொழில் நன்கு தெரிந்தவர்கள், பல ஆண்டுகள் அருகருகே வேலை செய்தவர்கள். அதனாலேயே திரும்பக் கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. மடித்த ஓரம் தடித்து நின்று, நாற்பது ஜோடி வீணான பிறகுதான் விஷயம் வெளிவந்தது.

அதுவரை வாட்ஸ்அப் குரல்பதிவுகளையே நம்பியிருந்தோம். கேட்டுவிட்டார்கள் என்பது தெரியும். என்ன புரிந்துகொண்டார்கள் என்பது தெரியாது. எங்களிடம் தமிழ் பேசுவோரும் உருது பேசுவோரும் இருப்பதால் இந்த இடைவெளி இன்னும் பெரிது.

இப்போது தினமும் காலையில் பத்து நிமிடம் பலகையின் முன் நிற்கிறோம். அலகு இல்லாமல் எந்த எண்ணையும் எழுதுவதில்லை. ஐரோப்பிய அளவில் ஒரு சைஸ் கூடினால் 6.67 மி.மீ., பிரிட்டன் அளவில் 8.47 மி.மீ. நீளம் கூடும் என்பதால், "ஒரு சைஸ் கூட்டு" என்பதையும் எந்த அளவில் என்று குறித்தே எழுதுகிறோம். எழுதியதை அந்தந்தப் பிரிவினர் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, சரியாகச் சீவிய தோல் துண்டைக் காந்தத்தால் பலகையில் பொருத்தி வைக்க முடிவதுதான். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் விரலால் தொட்டுக் கனத்தை அறிந்துகொள்கிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலில் விலை மலிவான மெலமைன் பலகை ஒன்றை வாங்கினோம். காந்தம் ஒட்டவில்லை, மூன்றே மாதத்தில் மையின் கறை படிந்துவிட்டது. இப்போதுள்ளது எனாமல் பூசிய இரும்புத் தகடு. விலை கூடுதல்தான், ஆனால் சுத்தமாகத் துடைபடுகிறது. ஒரு வாரம் விட்டால் இதிலும் மை இறுகும். அதன்மேல் அதே மார்க்கரால் எழுதி உடனே துடைத்தால் போய்விடும். ஜன்னலுக்கு எதிரே மாட்டியபோது வெயில் பட்டுப் பளபளத்து, தையல் இயந்திரத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கு எழுத்து தெரியவில்லை. பக்கச் சுவருக்கு மாற்றிய பிறகு அந்தச் சிக்கல் இல்லை. கட்டிங் பிரிவுக்கும் இதே பலகையை வாங்கவிருக்கிறோம்.